போட்டவன் எடுக்காத குழை

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15ஆந் திகதி சனிக்கிழமை காலை கூனிமலை அடிவாரத்தில் நின்றவர்கள் ஆறு பேர். அவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதும்படி நான் கேட்டதற்கு இணங்க அது முதலில் எழுதப்படுகிறது. ஒன்று நான். அடுத்தது என் மகன் வினாயகமூர்த்தி ரதீஸ், வயது 41, எருமைப் பட்டி வைத்திருப்பவர். அடுத்தது என் உடன்பிறந்த தம்பி கதிராமத்தம்பி நல்லரத்தினம், வயது 66. இவருடைய மகளை ரதீஸ் முடித்திருப்பதால் இவர் ரதீசுக்கு மாமனாரும் ஆவார். அடுத்தது கொழும்பிலிருந்து மலைப் படம் எடுக்க வந்த மதுரன் என்பவரும், அவருடன் வந்த ஸுஹைனா என்ற பெண்பிள்ளையும். கடைசியாக வந்தவர் ஓட்டமாவடியைச் சேர்ந்த பால் வியாபாரி இஸ்மாயில் மர்சூக், வயது 48. இந்த ஆறு பேரில் மர்சூக் அன்று ஒன்பது மணிக்கு முன் இறந்துவிட்டார். மற்ற ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறோம். ஐந்து பேருக்கும் கண் தெரியும்.

என் பெயர் வினாயகமூர்த்தி இலட்சுமிப்பிள்ளை. வயது 72. கிரானில் என் சொந்த வளவில் வசிக்கிறேன். விதவை. மூன்றாம் வகுப்புவரை படித்தேன். என் பெயரை எழுதத் தெரியும், மற்றதை வாசிக்கத் தெரியாது. ஆகையால் எழுதுவதை இடையிடையே வாசித்துக் காட்டும்படி சார்ஜன்ட் ஐயாவைக் கேட்டிருக்கிறேன்.

சம்பவ தினத்தன்று வந்த உத்தியோகத்தர்கள் ரதீசிடமும் நல்லரத்தினத்திடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். என்னிடம் எடுக்கவில்லை. நான் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒருவர் சீனி கூடப் போடச் சொன்னார். இன்று 24ஆந் திகதி திங்கட்கிழமை நானாகவே பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். ஒருவரும் என்னை அனுப்பவில்லை. ஒருவர் போக வேண்டாம் என்று சொன்னார், அதைப் பிறகு சொல்வேன்.

நல்லரத்தினத்துக்கும் எனக்கும் முன்பகை உண்டா என்று வினவப்பட்டபோது, உண்டு என்று சொன்னேன். 1978ஆம் ஆண்டு கார்த்திகைச் சூறாவளி அடித்த மூன்றாம் நாள், நெற்றியில் வெள்ளைச் சுட்டியுள்ள, இன்னும் கன்று போடாத என் இளம் எருமை நாகைப் பிடித்துத் தன் குறியைச் சுட்டுத் தன் பட்டியில் சேர்த்தவர் அவர். கேட்டதற்கு, சூறாவளியில் வந்தது யாருடையதென்று ஆருக்குத் தெரியும் என்றார். அந்த நாகு ஒன்பது கன்று போட்டது, ஒன்பதின் நிறமும் என்னால் சொல்ல முடியும். அது வேறு, இது வேறு. நான் மறைத்தேன் என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கூனிமலை என்பது கிரானுக்கு மேற்கே, காட்டோரமாக இருக்கும் கல்மலை. ரோட்டிலிருந்து வரும் மண்பாதை ஒரு பாலை மரத்தடியில் இரண்டாகப் பிரியும். அவ்விடத்தைப் பாலையடி என்போம். பாலையடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மேட்டில் நாங்கள் தங்கும் குடிசையான வாடி இருக்கிறது. எருமை அடைக்கும் பட்டி மலையடியில் இருக்கிறது. பாலையடியில் இடது கைப்பக்கம் திரும்பினால் பற்றைக்காட்டுக்குள்ளால் பத்து நிமிடத்தில் பட்டிக்குப் போகலாம். வலது கைப்பக்கம் திரும்பிக் குளக்கட்டால் சுற்றிப் போனால் அரை மணித்தியாலம் செல்லும். என் மருமகள் யசோதினி குவைத்தில் இருப்பதால் வெள்ளி பின்னேரம் நான் வாடிக்குப் போய் ஞாயிறுவரை நின்று சமைத்துக் கொடுத்துத் தயிரும் போட்டுவிட்டு வருவது வழக்கம்.

பற்றைக்குள் யானை நின்றால் அதைக் கண்டவர் ஒரு பச்சைக் குழையை, அதாவது இலையோடு கூடிய கிளையை, முறித்துப் பாலையடியில் பாதை வாயில் குறுக்கே போடுவார். குழையின் நுனி யானை நிற்கும் பக்கம் இருக்க வேண்டும், முறித்த அடி நாங்கள் வரும் பக்கம் இருக்க வேண்டும். குழையைக் கண்டால் மாட்டுக்காரர், தேனெடுக்கிறவர், விறகுக்குப் போகிறவர், பால் எடுக்க வருகிறவர் எவரும் அந்தப் பாதையில் கால் வைப்பதில்லை. யானை போன பிறகு குழையைப் போட்டவர்தான் வந்து எடுக்க வேண்டும். வேறொருவர் எடுக்கக்கூடாது, தொடவும் கூடாது. என் தகப்பன் காலத்திலிருந்து இதுதான் நடப்பு. சண்டைக் காலத்தில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு திரிந்தவர்கள்கூட அந்தப் பாதையில் குழையைத் தொட்டதில்லை.

சம்பவ தினத்தன்று விடியற்காலை ரதீஸ் பற்றைக்குள் தனியன் யானை ஒன்று நிற்பதைக் கண்டு, வீரை மரத்தில் ஒரு கிளையை முறித்துப் பாலையடியில் போட்டுவிட்டு, வாடிக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். போட்டதை நான் வாடி வாசலில் நின்று பார்த்தேன். என் கண்ணில் குறை உண்டா என்று வினவப்பட்டபோது, சார்ஜன்ட் ஐயாவின் சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனையில் ஒன்றுக்கு மூடி இல்லை என்று சொன்னேன்.

அதன் பிறகு ஆறு மணியளவில் நல்லரத்தினம் மதுரனையும் ஸுஹைனாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் முதல் நாள் நல்லரத்தினத்தின் வீட்டில் தங்கினவர்கள். ரோட்டிலிருந்து நடந்தே வந்தார்கள். மலை ஏறி நடப்பதும் படம் எடுப்பதும்தான் தங்கள் வேலை என்றும், நாட்டில் ஏறாத மலை இனிக் கொஞ்சம்தான் என்றும் மதுரன் சொன்னார். நல்லரத்தினம் மதுரனின் கறுப்புக் கண்ணாடியை வாங்கிப் போட்டிருந்தார். அறுபத்தாறு வயதில் அந்தக் கண்ணாடியோடு அவர் என் முன்னால் நின்ற கோலத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

அதன் பிறகு நான் ஒரு சட்டித் தயிர் வைத்தேன். அவர்கள் முதலில் தயிரைப் படம் எடுத்தார்கள். பிறகு நாலைந்து கரண்டி தின்றார்கள். பிறகு மதுரன் அடுப்படிக்கு வந்து, “பாட்டி, அப்படியே இருங்க, திரும்பாதீங்க, இந்தப் புகையில சூப்பரா இருக்கு” என்று சொன்னார். நான், “என்ட மூஞ்சி உனக்கென்னத்துக்கு? மலைய எடுக்கத்தானே வந்த நீ, போய் மலைய எடு” என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பாதித் தயிர் கிடந்த சட்டிக்குள்ளேயே சிகரெட்டை நூர்த்தார். அந்தச் சட்டியை நான் கழுவவில்லை. உடைத்துப் போட்டேன்.

அதன் பிறகு ரதீஸ் பட்டிக்குப் பால் கறக்க வெளிக்கிடும்போது நல்லரத்தினத்திடம், “மாமா, பாலையடிக்கு அங்கால இடப்பக்கம் போயிராதீங்க. தனியன் நிக்கிறான். குழை போட்டிருக்கன்” என்று சொன்னார். நல்லரத்தினம், “எனக்கே ஆனை காட்டுறயா நீ? போடா, போய்ப் பாலக் கற” என்று சொன்னார். இது என் முன்னால், மூன்றடி தூரத்தில் நடந்தது. ஆகவே யானை நிற்பதும் குழை கிடப்பதும் நல்லரத்தினத்துக்குத் தெரியும். ரதீஸ் குளக்கட்டால் சுற்றிப் பட்டிக்குப் போனார்.

அதன் பிறகு அவர்கள் மூவரும் பாலையடிக்குப் போனார்கள். மதுரன் கமராவை மூன்று காலில் நிறுத்தினார். அந்த நேரம் மலையின் இடுப்புவரை பனி கிடந்தது. இடது பாதை நேரே மலையைப் பார்த்துப் போவதால் அந்தப் பாதையையும் மலையையும் சேர்த்து எடுக்கத் தொடங்கினார்கள். வானொலியில் ஏழு மணிச் செய்தி முடிந்து சற்று நேரத்தில், நான் பால் காய்ச்சிக்கொண்டு நிற்கையில், மதுரன் நல்லரத்தினத்திடம், “அங்கிள், இந்தக் குப்பை படத்துல விழுது. கொஞ்சம் எடுத்துவிடலாமா?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. காலைக் காற்றில்லாத நேரத்தில் பாலையடியில் இருமினால் வாடிக்குக் கேட்கும்.

நான் வாசலுக்கு வந்து பார்க்க, நல்லரத்தினம் குழையின் அடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புல்லுக்குள் எறிந்தார். நான் சத்தமிட்டு, “டேய் நல்லம்! குழையில கை வைக்காத! போட்டவன் வரட்டும்!” என்றேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கி, “ஓம் அக்கா, வைக்கிறன், வைக்கிறன்! ஒரு நிமிசம்தானே. நீ உன்ட அடுப்பப் பாரு!” என்று சொன்னார். பின்னால் பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது. குழையைத் திரும்ப வைப்பார் என்று நம்பி நான் உள்ளே போனேன். நம்பியது என் பிழை, அதையும் எழுதவும்.

மர்சூக்கை எனக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு முன் மோட்டார் சைக்கிளில் இரண்டு கேனோடு வருவார். பாலையடியில் சைக்கிளை நிற்பாட்டி, ஒரு காலை ஊன்றி, நிலத்தைப் பார்ப்பார். குழை கிடந்தால் குளக்கட்டால் போவார், கிடக்காவிட்டால் பற்றைக்குள்ளால் போவார். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட இது பிசகவில்லை. சம்பவத்துக்கு முதல் நாள் வெள்ளி பின்னேரம் வாடிக்கு வந்தபோது என்னிடம், “என்னம்மா, உங்கட எரும குளத்துக்க படுத்துக்கிட்டே பால் தருதோ? தண்ணியாக் கிடக்கு” என்று பகிடி பண்ணினார். நான், “உன்ட கேன்ல கிடந்த தண்ணிக்கு என்ட எருமைல பழி போடாத” என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு போனார்.

அன்று நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நிற்க அவருடைய சைக்கிள் சத்தம் வந்து பாலையடியில் நின்றது. பேச்சுச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டது. சொற்கள் எனக்குக் கேட்கவில்லை. அங்கே என்ன பேசினார்கள் என்பது ஸுஹைனா அன்றே ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு என்னிடம் சொன்னது. அதைத் தனியாக எழுதவும். மர்சூக் நிலத்தைப் பார்த்தாராம். அதன் பிறகு மதுரன் அவரிடம், “அண்ணே, மலையப் பார்த்து மெதுவா ஓடுங்க, பின்னால இருந்து ஒரு படம் எடுக்கிறன்” என்று கேட்டாராம். மர்சூக், “என்ட முதுகையா எடுக்கப்போறீங்க? நேத்தே சொல்லிருந்தா நல்ல சேட்டொண்டு போட்டிருப்பனே” என்று சொன்னாராம். நல்லரத்தினம் பக்கத்திலேயே நின்றாராம். வாயைத் திறக்கவில்லையாம். குழையை எடுக்கும்போது அது என்னவென்று தான் கேட்டதாகவும், “அது மாட்டுக்காரங்கட பழக்கம், ஒண்டுமில்ல” என்று நல்லரத்தினம் சொன்னதாகவும் அந்தப் பிள்ளை சொன்னது.

அதன் பிறகு சைக்கிள் சத்தம் இடப்பக்கம் போவது எனக்குக் கேட்டது. நான் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முழங்காலில் வருத்தம் உண்டு. பாதித் தூரம் போவதற்குள் யானை பிளிறியது. மனிதச் சத்தம் ஒரு தரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

நான் பாலையடிக்கு வந்தபோது நல்லரத்தினம் பாலை மரத்துக்குப் பின்னால் நின்றார். ஸுஹைனா நிலத்தில் இருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தது. மதுரன் கமராவின் கண்ணாடிக்கு மூடி போட்டார். பிறகு அதைப் பையில் வைத்தார். பிறகு பையை இழுத்து மூடினார். அதன் பிறகுதான் “என்ன நடந்தது?” என்று கேட்டார்.

யானை மலைப்பக்கம் போய்விட்டது. மர்சூக் பாலையடியிலிருந்து நாற்பது ஐம்பது எட்டுத் தூரத்தில் கிடந்தார். இரண்டு கேனும் நசிந்து கிடந்தன. ஒரு செருப்பு பற்றையின் மேலே தொங்கியது. ரதீஸ் பட்டியிலிருந்து பற்றைக்குள்ளாலேயே ஓடி வந்து அவரைத் தூக்கினார். ஸுஹைனா தன் சால்வையைக் கழற்றித் தந்தது, அதால் நான் இடுப்பைக் கட்டினேன். தூக்கிக்கொண்டு பாலையடியைத் தாண்டும்போது மர்சூக் கண்ணைத் திறந்து நிலத்தைப் பார்த்தார். “குழை இல்லடா ரதீசு. நான் பாத்தன். இல்ல” என்று சொன்னார். ரதீஸ், “ஓம் மச்சான், இல்லத்தான். நானும் பாக்கிறன், இல்ல. நீ கதைக்காத” என்று சொன்னார். இந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அதன் பிறகு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் போட்டு மர்சூக்கைக் கிடத்தி ரதீஸ் ஓட்டினார். நான் தலையை மடியில் வைத்திருந்தேன். ஸுஹைனாவும் ஏறி வந்தது. பெரிய ரோட்டுக்கு வருமுன் மர்சூக்கின் கை குளிர்ந்துவிட்டது. நான் ரதீசுக்குச் சொல்லவில்லை, ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று இருந்தேன். ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள்.

அதன் பிறகு நடுப்பகலில் நானும் ரதீசும் பொலிஸ் ஜீப்பில் திரும்பி வந்தோம். வந்தபோது குழை பாலையடியில் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. அதே வீரைக் குழை. ஆனால் அதன் நுனி என் வாடியைப் பார்த்துக் கிடந்தது, முறித்த அடி பற்றைக்குள் கிடந்தது. அப்படிக் கிடந்தால் என் வாடிக்குள் யானை நிற்கிறது என்று கருத்து. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது அங்கே நின்றவர்கள் அவசரத்தில் தலைமாறி வைத்திருக்கிறார்கள். என் மகன் அப்படிப் போடமாட்டார், ஏழு வயதுப் பிள்ளையும் போடாது. அன்று உத்தியோகத்தர் ஒருவர் குழையைப் படம் எடுத்தார். அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அப்போது நல்லரத்தினம் ரதீசை வாடிக்குப் பின்னால் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். அதன் பிறகு இருவரும் ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துக் கையெழுத்து வைத்தார்கள். அந்த நேரமே நான் ஏன் சொல்லவில்லை என்று வினவப்பட்டபோது, என் மகன் கண்டதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன் என்று சொன்னேன். நாற்பத்தொரு வருடம் தெரிந்தவரைப் பற்றி அப்படித்தான் நினைக்க வரும்.

அதன் பிறகு 18ஆந் திகதி செவ்வாய்க்கிழமை நான் ஓட்டமாவடிக்குப் போய் மர்சூக்கின் மனைவி றுமைஸாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துப் பாயில் இருத்தினார். தேத்தண்ணி வந்தது. அதன் பிறகு அவர், “அம்மா, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. குழை கிடந்தெண்டு பொலிஸ்ல எழுதிரிக்காங்களாம். அவரு குழைய மிதிச்சிக்கிட்டுப் போற மனிசனா?” என்று கேட்டார். அப்போதுதான் என் மகன் எதற்குக் கையெழுத்து வைத்தார் என்பது எனக்குத் தெரிந்தது.  வாயில் இருந்த தேத்தண்ணியை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

மர்சூக்குக்கு றுக்ஷானா என்று பதினைந்து வயதில் ஒரே மகள் இருக்கிறார். அன்று காலை அந்தப் பிள்ளை, வரும்போது சித்திரக் கொப்பி ஒன்று வாங்கி வரும்படி தகப்பனுக்குப் போன் எடுத்ததாம். அவர் எடுத்துப் பேசினாராம். குழை கிடந்தது என்ற கதை வந்ததும், போனில் பேசிக்கொண்டு போனபடியால்தான் அவர் குழையைக் காணவில்லை என்று சொந்தக்காரர் பேசிக்கொண்டார்களாம். அது பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வாய் திறப்பதில்லை, சாப்பாட்டைத் தொடுவதில்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. போனை மூன்று துணியில் சுற்றி அலுமாரியின் அடியில் தள்ளி வைத்திருப்பதாக றுமைஸா சொன்னார். நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வாயெடுத்தேன். வாசலில் இருந்த மர்சூக்கின் தமையன், “பொலிஸ்ல உங்கட மகனே கையெழுத்து வச்சிரிக்கான். இப்ப வந்து நீங்க வேற கதை சொல்லாதீங்க. அந்தப் புள்ளய இன்னும் குழப்பாதீங்க” என்று சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. நான் எழும்பி வந்தேன்.

அதன் பிறகு அன்று பின்னேரம் ரதீசின் வீட்டுக்குப் போனேன். அது யசோதினிக்கு நல்லரத்தினம் சீதனமாகக் கொடுத்த வீடு. ரதீஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் அப்படிக் கையெழுத்து வைத்தாய் என்று கேட்டேன். “மாமா கையெழுத்து வச்சிட்டார் அம்மா. கிடந்தெண்டு சொன்னா எல்லாருக்கும் நல்லமெண்டார். நான் போடல்ல எண்டு சொல்லி என்னப் பிடிக்கவும் ஏலாது, அவர் எடுத்தார் எண்டு அவரப் பிடிக்கவும் ஏலாது. ஆனை அடிச்சது, அவ்வளவுதான்” என்று சொன்னார். நான், “அப்ப மர்சூக்?” என்று கேட்டேன். “செத்தவன் வந்து ஒண்டும் கேக்கப்போறதில்ல அம்மா” என்று சொன்னார். நான் றுக்ஷானாவின் நிலைமையைச் சொன்னேன்.  அவர், “சின்னப் புள்ளதானே, கொஞ்ச நாளில மறந்திரும்” என்று சொல்லிவிட்டு மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பொலிசுக்குப் போவேன் என்று நான் சொன்னபோது, போக வேண்டாம், போனால் இந்த வாசலுக்கு வர வேண்டாம் என்று சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நல்லரத்தினத்திடம் நான் கேட்கவில்லை. 20ஆந் திகதி அவரே என் வளவுக்கு வந்தார். “ஆனை இந்நேரம் போயிருக்குமெண்டு நினைச்சன் அக்கா. அந்தப் பொடியனுக்கு முன்னால, திரும்ப இழுத்துப் போட வெக்கமாக் கிடந்திச்சு” என்று சொன்னார். பயந்த காட்டுக்காரன் என்று அந்தப் பையன் நினைத்துவிடுவானாம். நான் வாசல் கடப்பைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

அதன் பிறகு 22ஆந் திகதி என் பேத்தி தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அது மதுரன் எடுத்து 16ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லோரும் பார்க்கும்படி போட்ட படம். அந்தப் படத்தில் பனியும் மலையும் இருக்கிறது. பாதை துடைத்துவிட்டது போல் கிடக்கிறது. பாதை வாயைத் தாண்டி மர்சூக் சைக்கிளில் போகிறார். முதுகு தெரிகிறது, இரண்டு கேனும் தெரிகிறது. அவர் இறந்து ஒரு நாள் கழிந்த பிறகு, அதைத் தெரிந்துகொண்டே போட்டிருக்கிறார். கீழே ‘பால்காரரின் அமைதியான காலை’ என்று எழுதியிருப்பதாகப் பேத்தி வாசித்தாள். ஆயிரக்கணக்கானவர்கள் நல்லது என்று குத்தியிருக்கிறார்களாம். இந்த இடத்தில் போய் வாழ ஆசை என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாராம்.  நான் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து இரண்டு காரியம் பார்த்தேன். ஒன்று, பாதையில் குழை இல்லை. இரண்டு, மர்சூக்கின் இரண்டு கையும் சைக்கிள் பிடியில் இருக்கிறது. காதில் போன் இல்லை. மேற்படி படம் இருக்கும் பேத்தியின் தொலைபேசி இன்று சார்ஜன்ட் ஐயாவிடம் கொடுக்கப்பட்டது. அவரும் பெரிதாக்கிப் பார்த்துச் சரி என்றார்.

நான் கேட்பது ஒன்று. இந்தப் படத்தை இங்கிருந்து ஒரு உத்தியோகத்தர் பொலிஸ் உடுப்போடு கொண்டு போய் றுக்ஷானாவுக்குக் காட்ட வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டார்கள், என் மகனின் கையெழுத்து குறுக்கே கிடக்கிறது. உன் வாப்பாவின் இரண்டு கையும் பிடியில் இருந்தது, அவர் நிலத்தைப் பார்த்துத்தான் போனார், குழையை எடுத்தது இன்னார் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். வழக்கு மெல்ல ஆறுதலாக நடக்கட்டும். இது நாளைக்கு நடக்க வேண்டும், அந்தப் பிள்ளை சாப்பிட்டு ஒன்பது நாள்.

இதில் உள்ளவை நான் கண்டதும் காதால் கேட்டதுமாகும். ஸுஹைனா சொன்னது எது, றுமைஸா சொன்னது எது என்று அந்தந்த இடத்தில் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். எவரும் சொல்லித்தந்து நான் சொல்லவில்லை. இரண்டு தரம் வாசித்துக் காட்டப்பட்டது, ஓரிடத்தில் ‘பாலை’ என்பதை ‘பாளை’ என்று வாசித்ததைத் திருத்துவித்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருப்பதால் கீழே என் பெயரை என் கையால் எழுதுகிறேன்.

எழுதுமுன் இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்று சார்ஜன்ட் ஐயா சொன்னார். சேர்க்காவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொன்னதால் எழுதப்படுகிறது. மதுரனுக்குக் குழை என்றால் என்னவென்று தெரியாது. அவரை நினைக்கும்போது ஓங்காளம் வருகிறது, அதோடு சரி. நல்லரத்தினம் வெட்கத்துக்குப் பயந்து ஒரு மனிதனைச் சாகக் கொடுத்தவர். அவருக்குக் கோட்டு வழக்கு இருக்கிறது, கோட்டில் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். ஆனால் மர்சூக்கைக் கையில் ஏந்திக்கொண்டு குழை இல்லை என்று அவருக்கே சொன்ன பிறகு, கிடந்தது என்று கையெழுத்து வைத்து, ஒரு பிள்ளை அதனால் பட்டினி கிடக்கிறது என்று தெரிந்தும் சோற்றைப் பிசைந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரை நான் மன்னிக்கமாட்டேன். நான் செத்தால் அவர் எனக்குக் கொள்ளி வைக்கக்கூடாது. அவர் பெயர் வினாயகமூர்த்தி ரதீஸ்.